பனிச்சரிவு: புயல் ஓய்ந்த மறுநாள் ஏன் மோசமான நாள்

2014 அக்டோபர் 12-ஆம் தேதி ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. இரண்டு நாளைக்குத் தொலைக்காட்சியில் வேறு செய்தியே இல்லை. அப்புறம் புயல் வலுவிழந்து வடக்கே நகர்ந்துவிட்டது என்றார்கள், நாமும் சேனலை மாற்றிவிட்டோம். ஆனால் அது தூக்கிக்கொண்டு போன ஈரம் எங்கும் போய்விடவில்லை. 14-ஆம் தேதி நேபாளத்தில் அன்னபூர்ணா வட்டாரத்தில் பனியாகக் கொட்டித் தீர்த்தது. 5,416 மீட்டர் உயரத்தில் இருக்கிற தோரோங் லா கணவாயைத் தாண்டி, நம்மூர் வைணவர்கள் திருச்சாளக்கிராமம் என்று போய்ச் சேவித்துவிட்டு வருகிற அதே முக்திநாத் பக்கமாக, நூற்றுக்கணக்கானோர் அன்று நடந்துகொண்டிருந்தார்கள். 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள், சிலர் பனிச்சரிவில், சிலர் வழி தெரியாமல் குளிரில் விறைத்து. அக்டோபர் மாதம் நேபாளத்தில் வானம் துடைத்துவிட்டது மாதிரி இருக்கும், அதனால்தான் அத்தனை கூட்டம்.

இந்தச் சம்பவத்தை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பனிச்சரிவு என்றாலே "திடீரென்று", "எதிர்பாராத விதமாக", "இயற்கையின் சீற்றம்" என்றுதான் செய்தியில் எழுதுகிறார்கள். சரிகிற அந்தக் கணம் திடீர்தான், மறுக்கவில்லை. ஆனால் சரிவதற்கான ஏற்பாடு சில மணி நேரமாகவோ, சில நாளாகவோ, சில சமயம் இரண்டு மாதமாகவோ அந்த மலையில் நடந்துகொண்டே இருந்திருக்கும். உத்தராகண்டில் கேதார்காந்தா, பிரம்மதால், குவாரி கணவாய் என்று டிசம்பர் - ஜனவரியில் நம் பக்கத்துப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் பனியில் நடக்கக் கிளம்புகிறார்கள், குல்மார்க்கில் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளப் போகிறார்கள். கிளம்பும் முன் எல்லோரும் பார்ப்பது வானிலை செயலியைத்தான். அதில் சூரியன் படம் இருந்தால் நிம்மதி. நான் சொல்ல வருவது, நாளைய வானத்தைவிடக் கடந்த இரண்டு மாதப் பனிதான் முக்கியம் என்பது. சூரியன் படம் சில நேரம் உங்களைக் கொல்கிற படம்.

முதலில் எது சரிகிறது என்று பார்ப்போம். பொதுவாக இரண்டு வகை. ஒன்று உதிரிப் பனி, ஒரு புள்ளியில் தொடங்கி விசிறி போல விரிந்துகொண்டே கீழே போகும். பெரும்பாலும் சிறியதாக இருக்கும், ஆளைத் தள்ளிவிடும், பள்ளத்தின் விளிம்பில் நின்றால் ஆபத்து, மற்றபடி தப்பிக்க வாய்ப்பு உண்டு. இன்னொன்று பாளச் சரிவு. இதுதான் ஆட்களைக் கொல்வது. மேலே ஒட்டிப் பிடித்த கெட்டியான ஒரு பனிப்பாளம், அதற்குக் கீழே பிடிமானமே இல்லாத நொய்ந்த அடுக்கு, அதற்கும் கீழே பழைய பனியோ தரையோ. நீங்கள் மேலே கால் வைக்கிறீர்கள், உங்கள் எடை பாளத்தின் வழியாக இறங்கி அந்த நொய்ந்த அடுக்கில் ஒரு இடத்தை உடைக்கிறது. அந்த உடைப்பு நீங்கள் நிற்கிற இடத்தோடு நிற்காது, பக்கவாட்டில் ஓடும். நொடிக்குள் உங்களுக்கு மேலே 50 மீட்டர் தள்ளி ஒரு கோடு விழும், முழுச் சரிவும் கழன்று கிளம்பும். நீங்கள் அதன் நடுவில் நிற்கிறீர்கள். உலர்ந்த பனியாக இருந்தால் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும், ஓடித் தப்பிப்பதெல்லாம் சினிமாவில்தான்.

மலையில் விளையாட்டாகவோ பயணமாகவோ போய்ச் சிக்குகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில் சரிவைக் கிளப்பிவிட்டதே அவர்களோ அவர்கள் குழுவில் ஒருவரோதான் என்பது இந்தத் துறையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்று. மலை தானாக மேலே வந்து விழுந்தது என்பது குறைவு. இது கேட்க வருத்தமாக இருந்தாலும் ஒரு வகையில் நல்ல செய்தி. ஆள் கிளப்பிவிடுகிறான் என்றால், ஆள் கிளப்பாமல் இருக்கவும் முடியும்.

சரி, அந்த நொய்ந்த அடுக்கு எங்கிருந்து வருகிறது? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது, கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

குல்மார்க்கையே எடுத்துக்கொள்வோம். நவம்பர் கடைசியில் ஒரு அடி, ஒன்றரை அடி பனி விழுகிறது என்று வையுங்கள். அப்புறம் மூன்று வாரம் வானம் சுத்தமாக இருக்கிறது. டிசம்பர் 21 அன்று காஷ்மீரிகள் சில்லா-இ-கலான் என்று சொல்லும் 40 நாள் கடுங்குளிர் தொடங்குகிறது. இரவில் மேகம் இல்லாததால் பனியின் மேல்பரப்பு வெப்பத்தை எல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டு மைனஸ் 15, மைனஸ் 20 வரை போகிறது. ஆனால் அடியில் மண் அப்படிக் குளிர்வதில்லை, பூமியின் சூடு இருப்பதால் தரையை ஒட்டிய பனி பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஆக ஒரே ஒரு அடி கனமுள்ள பனிக்குள் அடிக்கும் மேலுக்கும் 15, 20 டிகிரி வித்தியாசம். 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரியைத் தாண்டினாலே பனிக்குள் மாற்றம் தொடங்கிவிடும் என்பது கணக்கு, இங்கே அதைப்போல் ஐந்து மடங்கு இருக்கிறது. கீழே இருக்கிற சூடான பனியிலிருந்து ஈரம் ஆவியாகி மேலே ஏறி, குளிர்ந்த மணிகளின் மீது படிந்து உறைகிறது. சில நாளில் ஒன்றோடொன்று கோத்திருந்த மெல்லிய படிகங்கள் எல்லாம் பட்டை பட்டையான, பெரிய, தனித்தனி மணிகளாக மாறிவிடும். கையில் அள்ளி இறுக்கிப் பிடித்தாலும் உருண்டை சேராது, விரலிடுக்கில் வழிந்து கொட்டும். வழிகாட்டிகள் இதை 'சுகர் ஸ்நோ' என்பார்கள்.

அப்போதும் ஆபத்தில்லை. மேலே பாளம் இல்லையே. ஜனவரி நடுவில் மேற்கிலிருந்து, மத்தியதரைக்கடல் பக்கமிருந்து கிளம்பி வருகிற 'மேற்கத்திய இடையூறு' என்கிற காற்றழுத்தத் தாழ்வு ஒன்று பீர் பஞ்சால் மலைத்தொடரில் வந்து முட்டுகிறது. இரண்டு நாளில் நாலு அடி பனி. குல்மார்க் நிரம்பி வழிகிறது, ரீல்ஸ் பறக்கிறது, விமான டிக்கெட் விலை ஏறுகிறது. பிடிமானமே இல்லாத மணிகளின் மேல் நாலு அடி பாரம் ஏற்றி வைத்தாயிற்று. மூன்றாம் நாள் வானம் நீலமாகத் திறக்கிறது, மலைமேலே ஏற்றிவிடும் கோண்டோலா என்கிற கம்பிவட ஊர்திக்கு வரிசை நிற்கிறது. அந்தச் சூரியன் படத்தைப் பற்றிச் சொன்னேனே, அது இந்த நாள்தான். தானாகச் சரிகிறவை பெரும்பாலும் பனி கொட்டும்போதும், நின்று ஒன்றிரண்டு நாளுக்குள்ளும் சரிந்துவிடும். ஆனால் அடியில் இப்படி மணி மணியாக ஆகிவிட்ட அடுக்கு இருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. வாரக்கணக்கில் அப்படியே ஆறாமல் கிடக்கும், ஆள் வருகிற வரைக்கும்.

நொய்ந்த அடுக்கு அடியில்தான் உண்டாகவேண்டும் என்பதில்லை. தெளிந்த இரவில் பனியின் மேல்பரப்பிலேயே இறகு இறகாக உறைபனி படியும், காலை வெயிலில் மின்னும்போது படம் எடுக்காமல் நகர மனசு வராது. அது வெளியில் இருக்கிற வரை ஒன்றுமில்லை. அதைக் காற்று கலைப்பதற்குள் அடுத்த பனி மேலே விழுந்து மூடிவிட்டால், சில மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பொறி தயார். மேலே நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

பாளத்தை உண்டாக்குவதில் மழைமேகத்தைவிடக் காற்று பெரிய ஆள். ஒரு முகட்டில் மேற்குப் பக்கமிருந்து காற்று அடிக்கிறது என்றால், அந்தப் பக்கத்துப் பனியை வாரிக்கொண்டு போய் கிழக்குச் சரிவில் கொட்டும். வானத்திலிருந்து விழுகிற வேகத்தைப்போல் பத்து மடங்கு வேகத்தில்கூட இப்படிச் சேரும். பறந்து மோதிப் படிகங்கள் உடைந்து பொடியாகி நெருக்கமாக அடைவதால் கெட்டியாகவும் இருக்கும். அதாவது, ஒரு சொட்டுப் பனிகூட வானத்திலிருந்து விழாத நாளிலும் ஒரு சரிவில் மூன்றடி புதுப்பாரம் ஏறியிருக்கலாம். முகட்டு விளிம்பில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற பனிக்கூரையைப் பார்த்தால் அது எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கவனியுங்கள், அந்தப் பக்கத்துச் சரிவில்தான் பாரம் சேர்ந்திருக்கிறது. அந்தக் கூரைமேலே போய் நின்று செல்ஃபி எடுப்பவர்களைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்லப்போவதில்லை.

இனி சரிவின் கோணம். இது ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. 25 டிகிரிக்குக் குறைந்த சரிவில் பாளம் கிளம்புவது அபூர்வம். 55-க்கு மேல் போனால் பனி நிற்பதே இல்லை, விழ விழவே உதிர்ந்துவிடும். 30-லிருந்து 45 வரைதான் கொலைக்களம், அதிலும் 38-ஐ ஒட்டித்தான் அதிகம் கிளம்பும். நம் வீட்டு மாடிப்படியின் சாய்மானம் கிட்டத்தட்ட 30-லிருந்து 35 டிகிரி. அதை மனதில் வைத்துக்கொண்டால் போதும், மலையில் அதைவிடச் செங்குத்தாக வெள்ளையாக ஒன்று தெரிந்தால் அது சரியக்கூடிய சரிவு. கண்ணால் மதிப்பிடும்போது பெரும்பாலானவர்கள் தப்பாகத்தான் சொல்வார்கள், அதனால் செல்போனில் கோணம் அளக்கிற வசதியைப் பயன்படுத்துங்கள். வரைபடம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு: 100 மீட்டர் தூரத்துக்கு 58 மீட்டர் உயரம் ஏறினால் அது 30 டிகிரி. 100-க்கு 100 ஏறினால் 45.

இதில் ஒரு சிக்கல். நீங்கள் நடக்கிற பாதை சமதளமாக இருந்தால் போதாது, தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பதும் கணக்கு. 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா போகிற சாலையில் 15-ஆவது மைல் அருகே ஏழு சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அவர்கள் யாரும் சிகரம் ஏறவில்லை. காரை நிறுத்திவிட்டுச் சரிவின் பக்கமாகப் பனியில் விளையாடப் போனவர்கள். 13-ஆவது மைல் வரைக்கும்தான் அனுமதிச் சீட்டு, அதைத் தாண்டிப் போயிருந்தார்கள் என்று காவல்துறை அப்போது சொன்னது. 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத்துக்குப் பக்கத்தில் மாணாவில் எல்லைச் சாலைத் தொழிலாளர்களின் முகாம்மீது சரிவு விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள், 46 பேரைக் காப்பாற்றினார்கள். தங்கியிருந்த இரும்புக் கண்டெய்னர்கள் பலருக்குக் கவசமாக இருந்தன. முகாம் எங்கே போடுவது என்பதும் பனிச்சரிவு விஷயம்தான்.

மரங்கள் இருந்தால் பாதுகாப்பா என்று கேட்பார்கள். நெருக்கமான காடு என்றால் ஓரளவு ஆமாம். இடையில் சுலபமாக நடந்து போக முடிகிற அளவுக்கு இடைவெளி இருந்தால், பனிக்கும் அந்த இடைவெளி போதும். காட்டுக்கு நடுவே மேலிருந்து கீழே வகிடெடுத்த மாதிரி மரமே இல்லாத ஒரு பட்டை தெரிந்தால், அல்லது அந்த ஓரத்து மரங்களில் மேட்டுப் பக்கத்துக் கிளைகள் மட்டும் ஒடிந்து போயிருந்தால், அங்கே பனி வழக்கமாக இறங்குகிறது. கூடாரம் போட நல்ல திறந்த இடமாகத் தெரிவதும் பல சமயம் அதே இடம்தான்.

எங்கே கால் வைத்தால் கிளம்பும் என்பதிலும் ஒரு விசித்திரம் இருக்கிறது. பனி ஆழமாக இருக்கிற நடுச்சரிவைவிட, பாறை தலைகாட்டுகிற ஓரம்தான் பாதுகாப்பு என்று உள்ளுணர்வு சொல்லும். உண்மை நேர்மாறு. ஒரு ஆளின் எடை பனிக்குள் சுமார் ஒரு மீட்டர் ஆழம் வரைதான் உறைக்கும். நடுவில் பாளம் தடிமனாக இருந்தால் அந்த எடை நொய்ந்த அடுக்கை எட்டாமலே போகலாம். பாறையைச் சுற்றிப் பாளம் மெலிந்திருக்கும், அங்கே சுலபமாக எட்டிவிடும். ஒரே சரிவில் பத்துப் பேர் நடந்து முடித்து, பதினோராவது ஆள் கொஞ்சம் ஓரமாகக் காலெடுத்து வைக்கும்போது முழுதும் கிளம்புவது இதனால்தான். முன்னால் போனவர்களின் தடம் இருக்கிறது என்பது பாதுகாப்புக்குச் சான்று கிடையாது.

மலை சில சமயம் வாயைத் திறந்தே சொல்லும். சமதளத்தில் நடந்துபோகும்போது காலுக்கடியில் 'வும்ப்' என்று ஒரு அமுங்கின சத்தம் வந்து, சுற்றிலும் பனி ஒரு நூல் இறங்கினால், நொய்ந்த அடுக்கு அப்போதுதான் உங்கள் காலடியில் உடைந்தது என்று அர்த்தம். சமதளம் என்பதால் பிழைத்தீர்கள். காலடியிலிருந்து விரிசல் கோடு ஓடுவது, எதிர்மலையில் அன்றைக்கே புதிதாகச் சரிந்த தழும்பு தெரிவது, ஒரே நாளில் ஒரு அடிக்குமேல் பனி விழுந்திருப்பது, திடீரென்று வெப்பம் ஏறிப் பனி ஈரமாவது, இதில் எதைப் பார்த்தாலும் 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவை அன்றைக்கு மறந்துவிட வேண்டியதுதான்.

ஒன்றும் சொல்லாத நாளில் தோண்டிப் பார்க்கிறார்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும் ஒரு சோதனை. நீங்கள் போகப்போகிற சரிவைப் போலவே அதே திசையைப் பார்த்த, ஆனால் ஆபத்தில்லாத ஒரு சிறு சரிவில் மார்பளவுக்குக் குழி வெட்டுவார்கள். குழியின் மேட்டுப்பக்கச் சுவரை வழவழவென்று சீவினால் அடுக்குகள் கண்ணுக்குத் தெரியும். விரலால் குத்திக்கொண்டே மேலிருந்து கீழே வந்தால் எங்கே கெட்டி, எங்கே பொதபொதவென்று உள்ளே போகிறது என்று விரலுக்கே தெரிந்துவிடும். அப்புறம் 90 சென்டிமீட்டர் அகலம், மேட்டுப்பக்கமாக 30 சென்டிமீட்டர் உள்ளே போகிற மாதிரி ஒரு தூணைப் பின்பக்கமும் பக்கவாட்டிலும் கயிற்றாலோ ரம்பத்தாலோ அறுத்துத் தனியாக்குவார்கள். தூணின் ஒரு ஓரத்தில் மண்வாரியின் தகட்டை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எத்தனையாவது தட்டில் விரிசல் விழுகிறது என்பதைவிட, விழுந்த விரிசல் அந்த 90 சென்டிமீட்டரையும் ஒரே மூச்சில் கடந்து போகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் தட்டில் மேல்பாளம் முழுதாகக் கழன்று உங்கள் மடியில் வந்து விழுந்தால், அன்றைய திட்டம் மாறுகிறது. விழவில்லை என்றால் பாதுகாப்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது, இருபது மீட்டர் தள்ளிப் பனி வேறு மாதிரி இருக்கலாம். இந்தச் சோதனை வேண்டாம் என்று சொல்லவே பயன்படும், போகலாம் என்று சொல்ல அல்ல.

இதெல்லாம் தெரிந்தவர்களுக்கு ஒன்றும் ஆகாதா என்றால், ஆகும். 2022 அக்டோபர் 4 காலை, உத்தராகண்டில் திரௌபதி கா டண்டா-2 சிகரத்தை நெருங்கிக்கொண்டிருந்த உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சிக் குழுவைப் பனிச்சரிவு அடித்துக்கொண்டு போனது. பலர் கீழே இருந்த பனிப்பிளவுக்குள் போய் விழுந்தார்கள். தேடுதலில் 27 உடல்கள் கிடைத்தன. இறந்தவர்களில் பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் ஒருவர், அதே ஆண்டு மே மாதம் 16 நாளுக்குள் எவரெஸ்டையும் மகாலுவையும் ஏறி முடித்தவர். சரிவு எவ்வளவு பெரியது என்பதைவிட அது உங்களைக் கொண்டுபோய் எதில் தள்ளுகிறது என்பது முக்கியம் என்று பாடத்தில் படிப்பார்கள். பனிப்பிளவு, ஓடைப் பள்ளம், பாறை விளிம்பு, இவை கீழே இருந்தால் சின்னச் சரிவே போதும். குல்மார்க்கில் 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வத் மலையில் போலந்து நாட்டவர் இருவர், 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்யர் ஒருவர் இறந்தார்கள். இவர்களும் பனி தெரியாதவர்கள் இல்லை. குல்மார்க்கின் கோண்டோலா சுமார் 3,950 மீட்டர் வரை ஆளைக் கொண்டுபோய் விட்டுவிடும், ஆனால் பாதுகாப்புக் குழு கண்காணிப்பது அதை ஒட்டிய பகுதியை மட்டும்தான். எல்லையைத் தாண்டி ஒரு வளைவு திரும்பினால் நீங்களும் மலையும்தான்.

மாட்டிக்கொண்டால் என்ன நடக்கும்? ஓடிக்கொண்டிருக்கும்போது நீர் மாதிரி இருக்கிற பனி, நின்ற கணத்தில் இறுகிவிடும். கையை அசைக்க முடியாது, விரலைக்கூட. முகத்துக்கு முன்னால் கையை வைத்துக் கொஞ்சம் இடம் பிடித்திருந்தால் சில நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். இறப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் மூச்சுத்திணறித்தான் இறக்கிறார்கள், மீதி பெரும்பாலும் பாறையிலும் மரத்திலும் மோதி. முழுதாகப் புதைந்தவரை முதல் 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் ஆகிவிட்டால் மூன்றில் ஒருவர்தான் மிஞ்சுவார். ஹெலிகாப்டர், ராணுவம், மீட்புக் குழு எதுவும் 10 நிமிடத்தில் வராது, ஆக உங்களைத் தோண்டி எடுக்கப்போவது உங்கள் பக்கத்தில் நடந்துவந்தவர்தான், அவரிடம் கருவி இருந்தால்.

கருவி என்பது மூன்று. 457 கிலோஹெர்ட்ஸில் துடித்துக்கொண்டே இருக்கும், உடம்பில் கட்டிக்கொள்கிற, புதைந்தவரின் துடிப்பைப் பிடித்துத் தேடவும் உதவுகிற ட்ரான்ஸீவர் என்ற சிறு கருவி, நீட்டிக் குத்திப் பார்க்கிற கம்பி, உலோக மண்வாரி. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டும் பாரம்தான். ட்ரான்ஸீவர் ஆள் இருக்கும் இடத்துக்கு இரண்டு மூன்று மீட்டர் வரை கொண்டுபோகும், கம்பி ஆழத்தைச் சொல்லும், ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பவரை எடுக்க ஒரு டன்னுக்கும் மேலான பனியை வாரி எறிய வேண்டியிருக்கும். வெறுங்கையால் முடியவே முடியாது. இதில் பழக்கம் இல்லாதவன் கையில் ட்ரான்ஸீவர் இருந்து பயனில்லை, ஊரிலேயே மைதானத்தில் ஒருவர் ஒளித்து வைக்க இன்னொருவர் தேடிப் பழகலாம்.

அப்போ சியாச்சின் ஹனுமந்தப்பா என்று யாராவது கேட்பார்கள். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19,600 அடியில் இருந்த காவல்முனையைப் பனிச்சுவர் சரிந்து மூடியது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்து வீரர்கள், அதில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் உயிரோடு மீட்கப்பட்டார், பிப்ரவரி 11 அன்று டில்லி மருத்துவமனையில் இறந்தார். கூடாரத்துக்குள் காற்று தங்கியதால் நடந்தது அது. வெட்டவெளியில் சரிவில் நடந்துகொண்டிருக்கும்போது புதைபவருக்கு அந்தக் காற்று கிடைக்காது. அவரை வைத்து நம்பிக்கை கொள்வது தவறான கணக்கு.

தகவல் எங்கே கிடைக்கும் என்பதில்தான் நம் நாட்டில் எனக்குக் குறை. சுவிட்சர்லாந்தில் குளிர்காலம் முழுக்க மாலை 5 மணிக்கு அடுத்த நாளுக்கான அறிக்கை வந்துவிடும். எந்த உயரத்துக்கு மேல், எந்தத் திசை பார்த்த சரிவு, காற்றுப் பாளமா பழைய நொய்ந்த அடுக்கா, ஐந்து அபாய நிலைகளில் எது என்று விவரமாக. டாவோஸில் இதற்கென்றே ஒரு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. கனடாவிலும் மலைப்பகுதிகளுக்கு இப்படி உண்டு. நம்மிடம் விஞ்ஞானம் இல்லாமல் இல்லை. மணாலியில் பல வருடம் இயங்கிய பனி ஆய்வு நிறுவனம் இப்போது பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் கீழ் சண்டிகரில் டி.ஜி.ஆர்.இ. என்ற பெயரில் இருக்கிறது, அது தருகிற எச்சரிக்கையை மாநிலப் பேரிடர் ஆணையங்கள் வெளியிடுகின்றன. ஆனால் அது "அடுத்த 24 மணி நேரத்தில் இன்ன மாவட்டத்தில் 2,500 மீட்டருக்கு மேல் நடுத்தர அபாயம்" என்ற அளவில்தான் பெரும்பாலும் வருகிறது. ராணுவத்துக்கும் சாலைக்கும் கிராமத்துக்கும் அது உதவும். முதுகில் பையோடு ஒரு சரிவின் அடியில் நின்று வலப்பக்கம் போகவா இடப்பக்கம் போகவா என்று யோசிப்பவருக்கு மாவட்டக் கணக்கு போதாது. இன்னொன்று, 'நடுத்தர' என்ற வார்த்தையைப் பார்த்துச் சமாதானம் ஆகாதீர்கள். ஐரோப்பாவில் அதிகம் பேர் சாவது ஐந்தாம் நிலையில் இல்லை, மூன்றாம் நிலையில். ஐந்தில் யாரும் வெளியே போவதில்லை.

இனி நம்மவர்கள் விஷயம். கேதார்காந்தா மாதிரிப் பாதைகள் பெரும்பகுதி மிதமான ஏற்றம்தான், பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. கடைசி ஏற்றம் மட்டும் செங்குத்தாகும். அதிகாலை இருட்டில் கிளம்பி சூரிய உதயம் பார்த்துவிட்டு இறங்குகிற வழக்கம் இருக்கிறதே, படத்துக்காக என்று நினைக்கிறோம், ஆனால் இரவில் இறுகின பனி வெயிலில் இளகுவதற்கு முன் இறங்கிவிடுவது என்ற நியாயமும் அதில் இருக்கிறது. தூங்கிவிட்டுப் பத்து மணிக்கு ஏறலாம் என்று பேரம் பேசாதீர்கள். மைக்ரோஸ்பைக், கெய்ட்டர் எல்லாம் வாடகைக்குத் தருவார்கள், அவை வழுக்காமல் இருக்கவும் காலணிக்குள் பனி போகாமல் இருக்கவும்தான். சரிகிற பாளத்தின்மேல் அவற்றுக்கு எந்த வேலையும் இல்லை.

பிரச்சினை பெரும்பாலும் பனியில் இல்லை, காலண்டரில் இருக்கிறது. சென்னையில் ஐந்து நாள் லீவு வாங்கி, டேராடூனுக்கு டிக்கெட் போட்டு, குழுவில் பதினெட்டுப் பேர் பணம் கட்டியாயிற்று. வந்த அன்றைக்கு இரண்டு நாள் பனி கொட்டி ஓய்ந்திருக்கிறது. இன்னும் இரண்டு நாள் பொறுத்தால் பனி கொஞ்சம் அமரும், ஆனால் திரும்பிப் போகிற ரயில் பொறுக்காது. உள்ளூர்க்காரர் மேலே பார்த்துவிட்டுத் தயங்குகிறார், பதினெட்டு முகத்தையும் பார்த்துவிட்டு "சலோ" என்கிறார். அந்தத் தயக்கத்தைக் கவனித்து "அண்ணா, உங்களுக்குச் சரியாப் படலைன்னா நாங்க இங்கயே இருக்கோம்" என்று குழுவில் ஒருவர் சொன்னால் அவருக்கு அது பெரிய விடுதலை. பணம் வாங்கியவர் தானாக அதைச் சொல்வது சுலபமில்லை.

பணம் கட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டியவை இருக்கின்றன. பாதையில் 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவு எங்கே வருகிறது, அதைத் தவிர்த்துப் போக மாற்று வழி உண்டா, பனி விழுந்தால் எத்தனை நாள் காத்திருப்பீர்கள், திரும்பி வந்தால் பணம் என்ன ஆகும், வழிகாட்டிகளிடம் ட்ரான்ஸீவரும் கம்பியும் மண்வாரியும் இருக்கிறதா, இருந்தால் குழுவில் இருக்கிற எல்லோருக்கும் ட்ரான்ஸீவர் தருவீர்களா. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் மழுப்பலான பதில்தான் வரும். அப்படியென்றால் அந்தப் பயணத்தில் செங்குத்துச் சரிவை ஏறும் திட்டமே இருக்கக் கூடாது, அவ்வளவுதான். போயே ஆகவேண்டிய சரிவு என்றால் ஒவ்வொருவராக, மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க, பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றி, கைத்தடியின் வாரை மணிக்கட்டிலிருந்து எடுத்துவிட்டுக் கடப்பார்கள். நடுவில் நின்று படம் எடுக்கக் கூடாது, முன்னால் போனவர் மறுபக்கம் சேரும் வரை இந்தப் பக்கத்திலிருந்து யாரும் காலெடுத்து வைக்கக் கூடாது. பதினெட்டுப் பேர் இப்படிக் கடக்க ஒரு மணி நேரம் ஆகும், காலையில் கிளம்பும்போதே அந்த ஒரு மணி நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.